தொட்டுப் பார்க்கும் காட்சிசாலையின் காவல்காரன்

நான் பார்த்த முதல் உத்தியோகம் காவல்காரன் உத்தியோகம். அப்போது இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். யாரும் கூப்பிட்டுக் கொடுத்த வேலை இல்லை அது. நானே கேட்டு வாங்கியது. பிற்பாடு ஆசிரியராக இருந்தேன், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பவனாக இருந்து ஓய்வும் பெற்றேன். எந்த வேலையையும் அந்த முதல் வேலையைப் போல அத்தனை கறாராக நான் செய்ததில்லை.

எங்கள் அப்பா ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியின் கேட்டில் வாட்ச்மேனாக இருந்தார். தோல் பதனிடுவதும் அதைச் செருப்புக்கும் ஷூவுக்கும் வெட்டித் தைப்பதும் ஒரே மதிலுக்குள் நடக்கிற பெரிய கம்பெனி. நாங்கள் அந்த ஊர்க்காரர்கள் இல்லை. கலவை என்கிற ஊர்ப் பக்கத்தில் மழையை நம்பிக் கொஞ்சம் நிலம் இருந்தது. அது எங்களை நம்ப வைத்து நம்ப வைத்துக் கைவிட்டதில் அப்பா பிழைப்பு தேடி வெளியே வந்தார். வெளியூர்க்காரர் என்பதற்காகவே அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். கேட்டில் நிற்பவன் உள்ளூர்க்காரனாக இருக்கக்கூடாது என்பது அந்தக் கம்பெனியின் வழக்கம். உள்ளூர்க்காரன் என்றால் மாமன், மச்சான் என்று யாராவது உள்ளே வேலை செய்வார்கள். டப்பாவைத் திறந்து காட்டு என்று கேட்க வாய் வராது. அதனால் வேறு தாலுகாவிலிருந்து ஆளைக் கொண்டுவந்து, கம்பெனி ஆட்கள் குடியில்லாத தெருவாகப் பார்த்து வீடும் பிடித்துக் கொடுப்பார்கள். வேலை செய்கிறவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ நாங்கள் போகக்கூடாது. அம்மா அக்கம்பக்கத்தில் ஒரு கரண்டி சர்க்கரைகூடக் கேட்டு வாங்கமாட்டாள். இன்றைக்கு வாங்கிய சர்க்கரை நாளைக்குக் கேட்டில் வந்து நின்று பல்லைக் காட்டும் என்பார் அப்பா.

சாயங்காலம் சங்கு ஊதியதும் ஆட்கள் வரிசையாக வெளியே வருவார்கள். ஆண்கள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்க, அப்பா தடவிப் பார்ப்பார். பெண்களை ஒரு கோணித் திரைக்குப் பின்னால் வயதான அம்மாள் ஒருத்தி தடவிப் பார்ப்பாள். சாப்பாட்டு டப்பாவை மட்டும் ஆணும் பெண்ணும் அப்பாவுக்கு முன்னால் திறந்து காட்ட வேண்டும். ராத்திரி சாப்பிடும்போது அப்பா அன்றைக்குப் பிடித்தவர்களைப் பற்றிச் சொல்வார். வயிற்றைச் சுற்றித் தோலைக் கட்டி, அதற்கு மேல் லுங்கியைக் கட்டிக்கொண்டு, மாசமான பொம்பளை மாதிரி அசைந்து அசைந்து வந்த மேஸ்திரி. சைக்கிள் சீட்டுக்கு உள்ளே பஞ்சை எடுத்துவிட்டுத் தோலைத் திணித்திருந்தவன். நாங்கள் சிரித்துச் சிரித்துச் சாப்பிடுவோம். எல்லாக் கதையிலும் கடைசியில் அப்பாதான் ஜெயிப்பார். முடிக்கும்போது தவறாமல் ஒன்று சொல்வார்: “விரல்கடை அளவு இருந்தா இன்னா, வேட்டி அளவு இருந்தா இன்னா. கேட்டத் தாண்டுச்சின்னா திருட்டுதான்.” வாய்ப்பாட்டை நம்பியதுபோல நான் அதை நம்பினேன்.

ஆக, சந்தேகப்படுவதை எனக்கு யாரும் தனியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. சோற்றோடு சேர்த்துப் பரிமாறிவிட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் என் வகுப்புப் பிள்ளைகள் பெரும்பாலும் கம்பெனி ஆட்களின் பிள்ளைகள். நான் கிட்டே போனால் பேச்சு நின்றுவிடும். “வாட்ச்மேன் வர்றான்டா” என்று ஒருவன் சொல்ல, மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நல்ல பிள்ளைகளாக உட்காருவார்கள். அவர்கள் என்ன பேசிக்கொண்டிருந்திருப்பார்கள் என்று நான் நாள் முழுக்க யோசிப்பேன். மத்தியானம் சாப்பிடும்போது ஒவ்வொருவர் டப்பாவையும் எட்டிப் பார்ப்பேன். அதில் சோறும் குழம்பும்தான் இருக்கும். அப்படி இருப்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கும்.

அந்த வருஷம் காவேரிப்பாக்கத்திலிருந்து ஒரு புது டீச்சர் எங்கள் வகுப்புக்கு வந்தார். பயிற்சி முடித்து நேராக வந்தவர். வந்த முதல் வாரமே பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு எங்களைத் தரையில் வட்டமாக உட்கார வைத்தார். புளியங்கொட்டையை வைத்துக் கூட்டல், களிமண்ணில் உருட்டி எழுத்து, அட்டைப்பெட்டியில் மளிகைக் கடை. கடையில் ஒருவன் முதலாளி. மற்றவர்கள் பேரம் பேச வேண்டும். அடி இல்லை, மனப்பாடம் இல்லை. பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமையும் பள்ளிக்கூடம் வைக்கச் சொல்லிக் கேட்டார்கள்.

பெரியவர்களுக்கு இது பிடிபடவில்லை. பிள்ளையை விட வந்த ஒரு தகப்பனார் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, “பலகையில ஒரு எழுத்தக் காணோம். இன்னா பாடம் நடக்குது இங்க, கூத்தா?” என்று ஹெட்மாஸ்டரிடம் கேட்டார். ஹெட்மாஸ்டரும் அதற்குப் பிறகு எங்கள் ஜன்னலோரம் அடிக்கடி நடந்தார். எனக்கும் பிடிபடவில்லை. சம்பளம் வாங்குகிற ஒரு பெரிய மனுஷி எங்களோடு ஏன் தரையில் உட்கார்ந்து விளையாட வேண்டும்? ஏதோ ஒன்றை மறைக்கத்தான் இப்படிச் செய்கிறார் என்று முடிவு செய்தேன். என்ன மறைக்கிறார் என்பதுதான் தெரியவில்லை. ஒருவேளை அவருக்குப் பாடமே தெரியாதோ என்று நினைத்து, ஒருநாள் அவர் மேசையில் இல்லாத நேரம் பார்த்து அவருடைய கூடையைத் திறந்து பார்த்தேன். புளியங்கொட்டையும் ஒரு சீப்பும் இருந்தன.

இரண்டாம் பருவத்தில் அவர் எங்களை பஸ்ஸில் வேலூருக்குக் கூட்டிப்போய், கோட்டைக்குள் இருக்கும் காட்சிசாலையைக் காட்டினார். பழைய வாள்கள், காசுகள், செப்புச் சிலைகள். கத்தியை ஓங்கியபடி நிற்கிற ஒரு வீரனைச் செதுக்கிய நடுகல் ஒன்று எங்கள் உயரத்துக்கு இருந்தது. வசந்தா என்ற பெண் கையை நீட்டி அந்த வீரனின் முழங்காலைத் தொடப் போனாள். சுவரோரம் நின்ற காவல்காரர் கையிலிருந்த தடியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். “தொடக்கூடாது பாப்பா.” அவ்வளவுதான் சொன்னார். வகுப்பு மொத்தமும் ஒரு அடி பின்னால் போனது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதற்குப் பிறகு நான் எந்தச் சாமானையும் பார்க்கவில்லை. காக்கிச் சட்டை போட்ட அந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பும்போது பஸ்ஸில் யார் யாருக்கு என்ன பிடித்தது என்று டீச்சர் கேட்டார். வாள், காசு, கல்லு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். நான் “வாட்ச்மேன்” என்றேன். பஸ் சிரித்தது. டீச்சர் சிரிக்காமல் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

மறுநாள் வகுப்பில் அவர், “அங்க தொடக்கூடாதுன்னுட்டாங்க இல்ல? நாம தொடற மாதிரி ஒண்ணு வைப்போம்” என்றார்.

வகுப்பின் மூலையில் ஒரு பெஞ்சு, அதுதான் காட்சிசாலை. ஒவ்வொரு நாளும் சிலர் வீட்டிலிருந்து ஒரு சாமான் கொண்டுவர வேண்டும். அதைத் துணி போட்டு மூடி வைப்பார். ஒரு பிள்ளையின் கண்ணைக் கட்டிவிடுவார். அந்தப் பிள்ளை துணிக்கு அடியில் கைவிட்டுத் தடவி, முகர்ந்து, தட்டிப் பார்த்து, அது எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். பெயர் சொன்னால் மார்க் இல்லை. எப்படி இருக்கிறது என்று சொன்னால்தான். பிறகு கொண்டுவந்தவர் எழுந்து அந்தச் சாமானின் கதையைச் சொல்ல வேண்டும். ஊமையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளெல்லாம் அந்தப் பெஞ்சுக்கு முன்னால் வாய் திறந்து பேசின. இப்போது இதற்கெல்லாம் பெரிய பெரிய பெயர்கள் வைத்திருக்கிறார்கள். நானே மேடையில் நின்று வருஷக்கணக்கில் அதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். போன மாதம்கூட என் பேத்தியின் வகுப்பிலிருந்து வாட்ஸப்பில் ஒரு வீடியோ வந்தது. மேசைமேல் சாமான்கள், கண் கட்டிய பிள்ளைகள். நல்ல முறை என்று மருமகளிடம் சொன்னேன். நல்ல முறைதான். அதை முதன்முதலில் எங்கே பார்த்தேன் என்று மட்டும் எந்த மேடையிலும் நான் சொன்னதில்லை.

காட்சிசாலை என்றால் காவல் வேண்டுமே என்று டீச்சரிடம் போய் நின்றேன். “நம்ம காட்சிசாலைக்குக் காவல் எதுக்குடா? யாரு வேணா தொடலாமே” என்றார். நான் நகரவில்லை. அவர் என்னையும், தூரத்தில் கூட்டமாக விளையாடிக்கொண்டிருந்த மற்றவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு செய்தித்தாளை மடித்துத் தொப்பி செய்து என் தலையில் வைத்தார். காவல்காரன் என்றால் மற்ற பிள்ளைகள் என்னிடம் பேசித்தான் ஆக வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டிருப்பார். நானும் பிற்பாடு தனியாக நின்ற பிள்ளைகளுக்கு இப்படி ஏதாவது ஒரு பொறுப்பைக் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: யாரையும் தொடாதே என்று சொல்லக்கூடாது.

தடுக்கக்கூடாது என்றால் விசாரிக்கலாம் என்று எடுத்துக்கொண்டேன். பெஞ்சுக்கு வருகிற ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு விசாரணை நடந்தது.

“இந்த மணி ஏது?”

“எங்க ஆயா குடுத்தாங்க.”

“ஆயாவுக்கு யாரு குடுத்தா?”

“தெரியலடா.”

“தெரியலன்னா தனியா எடுத்து வை.”

பிள்ளைகள் கோபப்படவில்லை. அவர்களுக்கு அது விளையாட்டின் ஒரு பகுதியாகிவிட்டது. என்னிடம் மாட்டாமல் எப்படிப் பதில் சொல்வது என்று முந்தின நாளே யோசித்துக்கொண்டு வந்தார்கள். ஒருவன் சைக்கிள் பெல்லின் மூடியைக் கொண்டுவந்து, ரோட்டில் கிடந்தது என்றான். எந்த ரோடு, எந்தப் பக்கம் என்று கேட்டுக் கேட்டு அவனை அழ வைத்தேன். மறுநாள் அவனுடைய சித்தப்பா பெல் மூடியைத் தேடிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். அன்றைக்கு என் புகழ் உச்சிக்குப் போனது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள்கூட வந்து தொப்பியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்பாவிடம் சொன்னபோது அவரும் சிரித்து, “கேட்ல என்கூட நின்னுக்கோ வா” என்றார்.

வசந்தாவின் முறை வந்தது. அவளுடைய அம்மா எங்கள் அப்பா இருந்த கம்பெனியில்தான் தையல் ஹாலில் வேலை செய்தாள். வகுப்பில் என் பக்கத்தில் பயமில்லாமல் உட்காருகிற ஒரே பிள்ளை வசந்தா. எதற்கும் பயப்படாத பெண் என்பதைவிட, எதற்குப் பயப்பட வேண்டும் என்று யோசிக்காத பெண் என்று சொல்லலாம். அவள் கொண்டுவந்த சாமானைத் துணிக்கு அடியில் வைத்ததும் கண் கட்டிய பையன் கையை விட்டான். விட்ட கையை எடுக்கவில்லை. “பூனைக்குட்டி வயிறு மாதிரி இருக்குது” என்றான். அடுத்தவள், “எங்க தம்பிப் பாப்பா கன்னம்” என்றாள். எல்லோரும் இன்னொரு முறை தொட வேண்டும் என்று வரிசையில் நின்றார்கள். டீச்சரே கண்ணை மூடிக்கொண்டு ஒருதரம் தொட்டுப் பார்த்தார்.

துணியை எடுத்தபோது உள்ளங்கை அளவில் ஒரு தோல் துண்டு இருந்தது. அரக்கு நிறம். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் பூனை மயிர் போல மெத்தென்று. மூலையில் மசியில் பாதி முத்திரை. அந்த முத்திரை கம்பெனி கேட்டின் மேலேயே எழுதியிருக்கும். எனக்கு அது என் பெயரைப் போலப் பழக்கம்.

நான் கேட்பதற்கு முன்பே வசந்தா கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். அம்மாவுக்கு ஓவர்டைம் இருக்கும் நாட்களில் வசந்தா தூங்காமல் அழுவாளாம். அதனால் அம்மா வெட்டிப் போட்டதில் ஒரு துண்டைச் சோற்று டப்பாவில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாளாம். அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டால் தூக்கம் வந்துவிடுமாம். பிறகு என்னைக் கைகாட்டிச் சொன்னாள்: “கேட்ல டப்பாவத் தொறந்தப்போ இவங்க அப்பா பாத்துட்டாராம். பாத்துட்டு, மூடிக்கினு போம்மான்னாராம். ரொம்ப நல்லவருன்னு எங்கம்மா சொன்னாங்க.”

என்னைப் பற்றி அந்த வகுப்பில் யாரும் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. இவனிடம் பேசலாம், இவன் அப்பா நல்லவர் என்று எல்லோருக்கும் தெரியட்டும் என்றுதான் அந்தப் பெண் சொன்னாள். பிறகு பெல் மூடிக்காரன், “டேய், உங்கப்பாவே திருட்டுக்குக் கூட்டுடா” என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

டீச்சர் சிரிக்கவில்லை. அவர் முகம் மாறிவிட்டது. சட்டென்று அந்தத் துண்டை எடுத்து வசந்தாவின் பைக்குள் வைத்து, “இது வீட்லயே இருக்கட்டும்மா. நாளைக்கு வேற எதுனா கொண்டா” என்றார். எங்களைப் பார்த்து, இங்கே பேசியதை வெளியே பேசக்கூடாது என்றார். அவர் அப்படிச் சொன்னதுதான் எனக்கு உறுத்தியது. ஒளிக்கிறவர்கள்தானே அப்படிச் சொல்வார்கள்? வசந்தா பொய் சொல்கிறாள். டீச்சர் அதற்குத் துணை போகிறார். பெல் மூடிக்காரன் பழிக்குப் பழி வாங்குகிறான். அப்பாவின் பெயர் கெட்டுப்போய்விட்டது. அப்பாவே அதைச் சரிசெய்தால்தான் உண்டு என்று தோன்றியது.

மணி அடித்ததும் வசந்தாவை வழிமறித்தேன். “அந்தத் தோல விசாரிக்கணும். குடு” என்றேன். தொப்பி என் தலையில் இருந்தது. அவள் தயங்கவே இல்லை. பையிலிருந்து எடுத்துக் கொடுத்து, “விசாரிச்சிட்டுத் திருப்பிக் குடுத்துடு” என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

நான் நேராகக் கம்பெனிக்குப் போனேன். சங்கு ஊதி, பெண்கள் வரிசை கேட்டுக்கு வந்திருந்த நேரம். வழக்கமாக அங்கே அப்பா மட்டும்தான் நிற்பார். அன்றைக்கு மேனேஜரும் நின்றுகொண்டிருந்தார். கொஞ்ச நாளாகக் கட்டுக் கட்டாகத் தோல் காணாமல் போவதாகப் பேச்சு. அதனால் அவரே நேரில் வந்து பார்க்க ஆரம்பித்திருந்தார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அப்பாவுக்கு முன்னால் போய் நின்று, காகிதத் தொப்பியோடு ஒரு சலாம் வைத்தேன். வரிசையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்தார். நான் தோலை நீட்டி, “அப்பா, இது நம்ம கம்பெனி தோல்தான?” என்றேன்.

அப்பாவின் கை அதை என் கையிலிருந்து எடுத்த வேகம் இன்னும் நினைவிருக்கிறது. எடுத்து உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு, மேனேஜரைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். “கூட்டித் தள்ளுன குப்பையில கெடந்துது சார். புள்ள வெளையாடட்டும்னு நான்தான் எடுத்தும்போய்க் குடுத்தேன். தப்புதான் சார்.”

மேனேஜர், “நீயேவா? வேலியே இப்படின்னா நான் யாரப் போய்க் கேக்கறது?” என்றார். ஆனால் கோபமாகச் சொல்லவில்லை. அங்கேயே முடிந்திருக்கும். ஒரு திட்டு, மிஞ்சினால் ஒரு நாள் சம்பளப் பிடித்தம். அப்பா அதைத் தன் தலையில் வாங்கிக்கொள்ளத் தயாராகக் குனிந்து நின்றார்.

நான் விடவில்லை. அப்பா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “இல்ல. நீ குடுக்கல. வசந்தா அம்மாதான் சோத்து டப்பாவுல எடுத்தாந்தாங்களாம். நீ பாத்துட்டு விட்டுட்டன்னு அவ சொல்றா. எல்லாரும் சிரிக்கறாங்க. நீ விடலன்னு சொல்லுப்பா.”

சிரிப்பு நின்றுவிட்டது. மேனேஜர் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார்.

“சொல்லேன்யா. புள்ள கேக்கறான் இல்ல? விட்டியா, விடலியா?”

அப்பா வரிசையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அவருடைய காக்கிச் சட்டையின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“விடல சார்.”

“அப்போ உனக்குத் தெரியாமப் போயிருக்குது.”

“தெரியாமத்தான் சார்.”

யாருடா வசந்தா அம்மா என்று மேனேஜர் என்னைக் கேட்டார். அப்பாவைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார். நான் கையை நீட்டிக் காட்டினேன்.

அவள் வரிசையை விட்டு ஒரு அடி வெளியே வந்தாள். கையில் திறந்த டப்பா. அப்பாவைப் பார்த்து “அண்ணே” என்றாள். அதற்கு மேல் போகவில்லை. வாயை மூடிக்கொண்டாள். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பிச் சொன்னாள்: “அவருக்குத் தெரியாது சார். அடியில வச்சி, மேல மிச்சச் சோத்தப் பரப்பிக்கினு போனேன். அவரு பாக்கல.”

எனக்கு அப்போது ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. குற்றவாளியே ஒப்புக்கொண்டுவிட்டாள். அப்பா பார்க்கவில்லை என்று அவள் வாயாலேயே, மேனேஜர் முன்னாலேயே சொல்லிவிட்டாள். வசந்தா சொன்னது பொய் என்று ஆகிவிட்டது. நான் சட்டையை விட்டுவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மேனேஜர் அவளிடம் சொன்னதும் என் காதில் விழுந்தது. எல்லாக் கதையிலும் கடைசியில் அதுதானே நடக்கும்.

அப்பா என்னை அடிக்கவில்லை. அன்று ராத்திரி கதையும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு என்றைக்குமே சொல்லவில்லை. கம்பெனியில் திருடர்கள் தீர்ந்துபோய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கட்டுக் கட்டாகத் தோல் காணாமல் போவது மட்டும் அதற்குப் பிறகும் நடந்துகொண்டிருந்தது என்று பெரியவனான பிறகு கேள்விப்பட்டேன். அப்பா வேலையில் நீடித்தார். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன், வாத்தியார் ஆனேன். அந்த மாலையைப் பற்றி அவர் சாகும்வரை நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வசந்தாவின் குடும்பம் குடியாத்தம் பக்கம் தறி வேலைக்குப் போய்விட்டதாக யாரோ சொன்னார்கள். குடியாத்தம் ஒன்றும் தூரம் இல்லை. வேலை நிமித்தமாகவே எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஒருதரமும் விசாரித்ததில்லை. விசாரிப்பதில் பெயர் வாங்கியவன் நான். குழந்தைதானே, உனக்கு என்ன தெரியும் என்று இதைக் கேட்கிறவர்கள் சொல்லக்கூடும். ஏழு வயதில் தெரியாதது உண்மை. இருபது வயதில் தெரிந்துவிட்டது. அதற்கப்புறமும் போகவில்லை என்பதற்குக் குழந்தைமேல் பழி போட முடியாது.

கேட்டில் அது நடந்த மறுநாள் வகுப்பில் எல்லோரையும் கூப்பிட்டு, எங்கப்பா விடவில்லை, மேனேஜர் எதிரிலேயே சொன்னார் என்று அறிவித்தேன். டீச்சர் என்னைத் தனியாக அழைத்துத் தோல் எங்கே என்று கேட்டார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். பாராட்டுவார் என்று நின்றேன். அவர் கண் கட்டும் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குக் காட்சிசாலை நடக்கவில்லை. விஷயம் காதுக்கு எட்டி, மத்தியானம் ஹெட்மாஸ்டர் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். டீச்சர் திரும்பி வந்து, பெஞ்சுகளைப் பழையபடி வரிசையாகப் போடச் சொன்னார்.

வசந்தா அன்றைக்கு வந்திருந்தாள். தலை நிறைய எண்ணெய் வைத்து, இரட்டைப் பின்னல் போட்டு, ரிப்பன் கட்டியிருந்தாள். “எங்கம்மா இன்னிக்கு வீட்லயே இருக்காங்க. அவங்கதான் வாரி வுட்டாங்க” என்றாள். கோபம் எதுவும் இல்லை. பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, “விசாரிச்சிட்டியா? குடு” என்று கையை நீட்டினாள்.

பிடித்த சாமானைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இல்லை, அது கம்பெனிக்கே போய்விட்டது என்றேன். விதி என்றால் விதிதான் என்று அவளுக்கும் பட்டிருக்க வேண்டும்.

“அப்போ நாளைக்கு நான் வாட்ச்மேன். நீ எதுனா எடுத்துக்கினு வா. நான் புடிக்கறேன்.”

நியாயமாகத்தான் இருந்தது. பெஞ்சு போனால் என்ன, நாங்கள் இரண்டு பேரே விளையாடலாம். தொப்பியைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன். அவள் அதை மடங்காமல் புத்தகத்துக்கு நடுவில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலையில் அப்பாவின் பழைய சட்டையிலிருந்து விழுந்த ஒரு பித்தளைப் பொத்தானை அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்து, டப்பாவின் அடியில் வைத்து, மேலே சோற்றைப் பரப்பிக்கொண்டேன். அவள் கண்டுபிடிப்பாளா மாட்டாளா என்று வழியெல்லாம் டப்பாவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். முதல் மணி அடித்தது. மத்தியான மணியும் அடித்தது. டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வசந்தா வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

முறையை வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டாள் என்று எனக்கு அவள்மேல் ஆத்திரமாக வந்தது. டீச்சரிடம் போய் நின்று புகார் சொன்னேன்.

“டீச்சர், வசந்தா என் தொப்பிய எடுத்துக்கினு போய்ட்டா. அவ திருடி டீச்சர்.”